கோகோவுக்குத் தாய்மாமன்

என் ஒன்பதாவது வயதில் நான் ஒரு நாய்க்குட்டிக்குத் தாய்மாமன் ஆனேன். பெண்பிள்ளை எப்படி மாமன் ஆக முடியும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அன்று அதைத்தான் கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. அந்தப் பத்து நாளில் நான் கேட்ட எதற்குமே யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை என்பதால், இதை மட்டும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் சித்தப்பாவின் வாய்தான். கெட்ட வாய் இல்லை. எதைக் கேட்டாலும் 'ஓகே சார்' என்று சொல்லிவிடும் வாய். ஓசூரில் ஒரு கம்பெனியில் பல வருஷமாகக் கான்ட்ராக்டில் வேலை பார்த்தார். ஆயுத பூஜை முடிந்ததும் பர்மனென்ட் லிஸ்ட் வரும், அதில் தன் பெயர் இருக்கும் என்று வருஷா வருஷம் நம்புவார். அந்த வருஷம் மேனேஜரே கூப்பிட்டு, ஊரில் தோட்டம் இருக்கிறதா, வீட்டில் யார் யார் என்றெல்லாம் விசாரித்தாராம். லிஸ்டுக்காகத்தான் விசாரிக்கிறார் என்று சித்தப்பா பூரித்துப்போனார். கடைசியில் பார்த்தால், தசரா லீவுக்கு அவர்கள் ஷிமோகா போகிறார்கள், பத்து நாள் தங்கள் நாய்க்குட்டியைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்கத்தான் அத்தனை விசாரணையும். ஓகே சார். விஷயம் கேன்டீனில் பரவி இன்னும் மூன்று பேர் வந்து கேட்டார்கள். ஓகே சார், ஓகே சார், ஓகே மேடம்.

எங்கள் வீடு தளி ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, முட்டைக்கோஸ் தோட்டத்தை ஒட்டி இருந்தது. அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, நான். எனக்கு அப்போது காலாண்டுப் பரீட்சை லீவு. ஒரு சனிக்கிழமை காலையில் நான்கு குட்டிகளும் நான்கு கூடைகளில் வந்து இறங்கின.

அதுவரை நாய் என்றால் எனக்கு ஒரே வடிவம்தான் தெரியும். செம்மண் நிறம், நிமிர்ந்த காது, சுருண்ட வால். இந்த நான்கையும் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. ராக்கி என்ற லேப்ரடார் மட்டும்தான் ஓரளவு நாயாக இருந்தது. பிங்கோ நீளமாக வளர்ந்துவிட்டு, கால் வளர மறந்துபோனது. அதை டாக்ஸண்ட் என்றார்கள். டைசன் பக் என்ற சாதி. ஓடிவந்து சுவரில் மோதிக்கொண்ட முகம் அதற்கு. பகலெல்லாம் குறட்டை விட்டது. நான்காவது மேனேஜர் வீட்டுக் கோகோ. ஷிட்சூ சாதிப் பெண்குட்டி. உடம்பெல்லாம் முடி தொங்கியதால் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று பிஸ்கட்டைக் காட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"இதெல்லாம் நாய்தானா, இல்ல உன்ன ஏமாத்திட்டாங்களா?" என்று அம்மா சித்தப்பாவைக் கேட்டாள்.

"அண்ணி, அந்த முடிக்காரிய மட்டும் பத்தரமா பாத்துக்குங்க. என் பர்மனென்ட்டே அவ தலையிலதான் இருக்குது" என்றார் சித்தப்பா.

ஒவ்வொரு கூடையோடும் ஒரு தாள் வந்திருந்தது. எது என்ன சாப்பிடும், எதைக் கொடுக்கக் கூடாது என்று எல்லாம் இங்கிலீஷில். வீட்டிலேயே இங்கிலீஷ் மீடியம் படித்தது நான் ஒருத்திதான். அதனால் தினமும் வேளாவேளைக்குத் தாளை எடுத்து வாசித்துச் சொல்லும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. நாலாம் வகுப்பு இங்கிலீஷுக்கு அது கொஞ்சம் அதிகம்தான். தெரியாத வார்த்தை வந்தால் கொஞ்சம் இருமிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன்.

என்னைக் குழப்பியது நாய்கள் மட்டுமல்ல. சித்தியும்தான். சித்தி ஆனேக்கல் பக்கத்துக்காரி. அதிகம் பேச மாட்டாள். எனக்குச் சடை பின்னும்போதுகூட வாயில் ரிப்பனைக் கடித்துக்கொண்டு, பேசாமல் இருக்க அதையே சாக்காக வைத்துக்கொள்வாள். அப்படிப்பட்ட சித்தி குட்டிகள் வந்த மறுநாளே ஆளே மாறிப்போனாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மணையைப் போட்டு உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, குட்டியைக் காலின் மேல் குப்புறப் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரை உள்ளங்கையால் அள்ளி அள்ளி ஊற்றுவாள். துடைத்துச் சாம்பிராணிப் புகை காட்டுவாள். திருஷ்டி படாமல் இருக்கக் கன்னத்தில் மைப்பொட்டு வைப்பாள். கறுப்பு முகமுள்ள டைசனுக்கு மைப்பொட்டு வைத்து என்ன பிரயோசனம் என்று எனக்குத் தெரியவில்லை. சித்தியைக் கேட்டால், "வெக்கணும்" என்றாள்.

பிங்கோவுக்குத் தனி வைத்தியம். அதன் தாளில் படி ஏற விடக் கூடாது என்று போட்டிருந்தது. அந்தச் சாதிக்கு முதுகு நீளம், ஏறி இறங்கினால் தண்டுவடம் கெட்டுவிடும் என்பதுதான் காரணம் என்று இப்போது தெரிகிறது. அன்று நான் அந்த இடத்தில் இருமிவிட்டேன். கால் சூம்பிப் போயிருப்பதால்தான் ஏறக் கூடாது என்கிறார்கள் என்று சித்தி முடிவு செய்தாள். தினமும் விளக்கெண்ணெய் தேய்த்து, அந்த நான்கு குட்டைக் கால்களையும் ஒவ்வொன்றாக நீவி இழுத்துவிட்டாள். டைசனை மடியில் போட்டு, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மூக்கைப் பிடித்துப் பிடித்துத் தூக்கிவிட்டாள். பத்து நாளில் பிங்கோவின் கால் ஒரு நூல்கூட வளரவில்லை, டைசனின் மூக்கும் எழும்பவில்லை. ஆனால் சித்தி எண்ணெய்க் கிண்ணத்தோடு வருவதைப் பார்த்தாலே இரண்டும் தாமாக மல்லாந்து படுத்துக்கொண்டன.

இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். எல்லாருக்கும் தெரிந்ததுதான் என்றாள். அம்மா ஒரு பக்கமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் ஒரு கரண்டி எண்ணெய் அதிகமாகச் செலவானால் ஊரைக் கூட்டுகிற அம்மா, கிண்ணம் கிண்ணமாக நாய்க்காலில் எண்ணெய் போவதைப் பார்த்தும் காலிக் கிண்ணத்தை நிரப்பிக் கொடுத்தாள்.

நான்காம் நாள் காற்று பலமாக அடித்து, கூடைகளின் மேல் வைத்திருந்த தாள்கள் பறந்துவிட்டன. ஓடிப்போய்ப் பொறுக்கி வந்து திரும்ப வைத்தேன். கோகோவின் தாளை டைசனின் கூடையிலும், டைசனின் தாளைக் கோகோவின் கூடையிலும் வைத்தேன் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பெயர் தாளின் பின்பக்கம் இருந்தது. ஆக, கோகோவுக்கு இரண்டு வேளை பால் கொடுக்கலாம் என்று நான்தான் உரக்க வாசித்தேன். சித்தியும் அப்போதுதான் கறந்த பாலைக் காய்ச்சி ஆற்றிக் கொடுத்தாள்.

ஆறாம் நாள் காலையில் கோகோ வாந்தி எடுத்தது. பிறகு வயிற்றாலும் போனது. பத்து மணிக்குள் தலையைத் தூக்க முடியாமல் கிடந்தது. சித்தப்பா கம்பெனியில் இருந்தார். வேலை நேரத்தில் போன் லாக்கரில் இருக்கும். சித்தி கோகோவை முந்தானையில் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள், நான் பின்னால் ஓடினேன். ஷேர் ஆட்டோ பிடித்துத் தளி கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் ஊசி போட்டு, தோலுக்கடியில் மருந்துத் தண்ணீர் ஏற்றினார். ரொம்பச் சின்னக் குட்டி, இன்றைக்குத் தாண்டிவிட்டால் பயமில்லை என்றார். பால் ஏதாவது கொடுத்தீர்களா என்றும் கேட்டார். சித்தி என்னைப் பார்த்தாள். தாளில் போட்டிருந்தது என்றேன். வீட்டுக்கு வந்து தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் டைசன் என்றிருந்தது. இரண்டு தாளையும் சத்தமில்லாமல் இடம் மாற்றி வைத்தேன். நான்தான் கோகோவைக் கொன்றுகொண்டிருக்கிறேன், சித்தப்பாவின் வேலையும் என்னால்தான் போகப்போகிறது என்று நினைத்தேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

சித்தி கட்டிலுக்கடியிலிருந்து தன் டிரங்குப் பெட்டியை இழுத்துத் திறந்து ஒரு பாலாடையை எடுத்தாள். கைக்குழந்தைக்குப் பால் புகட்டுகிற, மூக்கு வைத்த சின்ன வெள்ளிக் கிண்ணம். அதைச் சுடுதண்ணீரில் கழுவி, குளுக்கோஸ் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கோகோவின் கடைவாயில் விட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் பாலாடை இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். யாருடையது என்று அம்மாவைக் கேட்டேன்.

"போய்க் கோழியத் தொரத்து போ. கீரையக் கொத்துது" என்றாள் அம்மா. கீரைப் பக்கம் ஒரு கோழியும் இல்லை.

மத்தியானம் சித்தி ஒரு ரூபாய் நாணயத்தை மஞ்சள் துணியில் முடிந்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். வெகுநேரம் நின்றாள். வெயில் தாழ்ந்தபோது கோகோ எழுந்து, தள்ளாடிப் போய், தொட்டியின் மேல் உட்கார்ந்திருந்த காக்கையைப் பார்த்துக் குரைத்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலையில் அடுப்படியில் சித்தி அம்மாவிடம் சொன்னாள்: "அக்கா, பொழச்சா மொட்ட போடறேன்னு முனியப்பனுக்கு வேண்டிக்கிட்டேன்."

அம்மாவின் வாயிலிருந்து என்னென்ன வரும் என்று எனக்குத் தெரியும். மேனேஜர் வீட்டு நாய். அதன் விலையே அந்த முடியில்தான். அதை மொட்டை அடிப்பதாக வேண்டிக்கொண்டாயே, உனக்கு மூளை இருக்கிறதா என்று தொடங்குவாள் என்று காத்திருந்தேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"சரி, போயிட்டு வா. தொணைக்குப் பாப்பாவ கூட்டிக்கிட்டுப் போ. அங்க ஆனை எறங்கற எடம், சாயந்தரத்துக்குள்ள திரும்பிடுங்க" என்றாள்.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை.

எங்கள் குலதெய்வம் முனியப்பன் கோயில் ஜவளகிரி தாண்டிக் காட்டோரம் இருக்கிறது. கோகோவை என் ஸ்கூல் பையில் வைத்து, ஜிப்பைப் பாதி திறந்து விட்டுப் பஸ்ஸில் போனோம். கோயிலுக்கு வெளியே புங்கமரத்தடியில் முடி எடுக்கிறவர் உட்கார்ந்திருந்தார். வயதானவர். சித்தி வந்த விஷயத்தைச் சொன்னதும் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து வைத்துவிட்டு, "கொழந்த எங்கம்மா?" என்று கேட்டார். சித்தி என் பையைத் திறந்து காட்டினாள்.

அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியாகச் சித்தியைப் பார்த்தார்.

"ஏம்மா, வெளையாடறியா?"

"வேண்டுதலுங்க. வேற எதுவும் கேக்காதீங்க" என்றாள் சித்தி.

சித்தியின் முகத்தில் அவர் என்ன பார்த்தாரோ, அதற்கு மேல் கேட்கவில்லை. கத்திரியைத் துடைத்துக்கொண்டே, "தாய்மாமன் மடியில வெக்கணுமே, யாரு இருக்கா?" என்றார். சித்தி என்னை முன்னால் தள்ளினாள். பொம்பளைப் பிள்ளையா என்று அவர் இழுத்தார். "இவதான் இருக்கா" என்றாள் சித்தி. அப்படித்தான் நான் சம்மணம் போட்டு உட்கார்ந்து கோகோவை மடியில் வாங்கிக்கொண்டேன்.

தலைமுடி மட்டும். அவர் ஒரு கையால் தாடையைப் பிடித்து, பதமாகக் கத்தரித்து, கடைசியில் தண்ணீர் தொட்டு மழித்தார். கோகோ ஆச்சரியமாக அசையாமல் இருந்தது. முடி விழ விழ அதன் கண்கள் வெளியே வந்தன. ஒரு வாரமாக வீட்டில் இருந்தும் அன்றுதான் அதன் கண்ணைப் பார்த்தேன். பெரிய, ஈரமான இரண்டு கண்கள். அவை என்னையே பார்த்தன. பால் கொடுக்கச் சொன்னது நான்தான் என்று அதற்குத் தெரியும் என்று எனக்குத் தோன்றியது. வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உள்ளே பூசாரி தட்டை வாங்கிக்கொண்டு யார் பெயருக்கு என்று கேட்டார்.

"முனிராஜ்" என்றாள் சித்தி.

"கோகோ, சித்தி" என்று நான் எடுத்துக்கொடுத்தேன். அதுவும் இது பெண்குட்டி. சித்தி என் பக்கம் திரும்பவே இல்லை. மறுபடியும், இன்னும் கொஞ்சம் சத்தமாக, முனிராஜ் என்றாள். கோகோ என்றால் சாமிக்குப் புரியாது, அதனால் சாமிக்குத் தெரிந்த பெயராகச் சொல்கிறாள் என்று நானாக அர்த்தம் பண்ணிக்கொண்டேன். சித்தி கோகோவின் தலையில் சந்தனத்தைக் குளிரக் குளிரத் தடவினாள். வெளியே காற்று சிலுசிலுவென்று அடித்தது. தன் பையிலிருந்து ஒரு மஞ்சள் கம்பளிச் சட்டையை எடுத்துக் கோகோவுக்குப் போட்டுவிட்டாள். கையே இல்லாத, கைப்பிடி அளவுச் சட்டை. அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. நாய்ச் சட்டையைச் சித்தி எப்போது, எதற்கு வாங்கி வைத்தாள் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன்.

சித்தப்பா நாலரை மணிக்கு வந்தார். நான் மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். கோகோ மொட்டைத் தலையும் சந்தனமுமாக ஓடிப்போய் அவர் காலை முகர்ந்தது. சித்தப்பாவின் டிபன் பை நழுவிக் கீழே விழுந்தது. இப்போது கத்துவார், இப்போது கத்துவார் என்று காத்திருந்தேன்.

"முனியப்பன் கோயிலுக்கா?" என்றார்.

சித்தி தலையாட்டினாள்.

"என்ன பேரு சொன்ன?"

சித்தி சொன்னாள். சித்தப்பா அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து கோகோவின் தலையை உள்ளங்கையால் தடவினார். திரும்பத் திரும்பத் தடவினார். கையெல்லாம் சந்தனம் ஆனது. அன்றைக்குச் சோற்றை ஸ்பூனால் சாப்பிட்டார். வலது கையைக் கழுவவே இல்லை. பைத்தியம் பிடித்தது சித்தி ஒருத்திக்கு மட்டும் இல்லை என்று நான் பயந்துபோனேன்.

மேனேஜரம்மா வருகிற நாளுக்குச் சித்தப்பா ஒரு பொய்யைத் தயார் செய்தார். உண்ணி வந்துவிட்டது, டாக்டர்தான் முடியை எடுக்கச் சொன்னார் என்று எனக்கும் பாடம் சொல்லிவைத்தார். கார் வந்து நின்றது. மேனேஜர் போனில் பேசிக்கொண்டே காருக்குள் இருந்துவிட்டார். அந்த அம்மா இறங்கி வந்து கோகோவைப் பார்த்து, "அய்யோ! ஏனாய்த்து இதக்கே?" என்று அலறினார். என்ன ஆயிற்று இதற்கு என்ற கேள்விக்குச் சித்தப்பாவின் வாயிலிருந்து, "ஓகே மேடம்" என்று மட்டும்தான் வந்தது.

சித்தி முன்னால் வந்தாள். கன்னடத்தில், தணிந்த குரலில், வேகமாக என்னவோ சொன்னாள். சித்தி அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. எனக்குக் கன்னடம் அரைகுறை. வேண்டுதலுக்கு அவர்கள் சொல்கிற ஹரகெ என்பது புரிந்தது. மகு என்றும் இரண்டு மூன்று முறை வந்தது. மகு என்றால் குழந்தை என்று தெரியும். கோகோவைத்தான் கொஞ்சலாக அப்படிச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அந்த அம்மாவின் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. மஞ்சள் சட்டையைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார், கையிலிருந்த கோகோவைத் திரும்பச் சித்தியிடமே கொடுத்துவிட்டு, எங்கள் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து காபி கேட்டார். காரில் ஹாரன் அடித்தும் எழுந்து போகவில்லை. கிளம்பும்போது அந்தச் சட்டையைக் கழற்றப் போனார். வேண்டாம், இருக்கட்டும் என்று சித்தி தடுத்துவிட்டாள். அந்த மஞ்சள் சட்டை கோகோவோடு அவர்களுடைய பெங்களூர் வீட்டுக்குப் போய்விட்டது.

பூஜை முடிந்து வந்த லிஸ்டில் சித்தப்பாவின் பெயர் இல்லை. அடுத்த வருஷமும் இல்லை. அதற்கடுத்த வருஷம்தான் வந்தது. கோகோவின் முடிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று சித்தப்பா இன்றும் சத்தியம் செய்வார். நான்தான் அந்த இரண்டு வருஷமும் தாள் மாறிய குற்றத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் திரிந்தேன். இதைப் படித்தால் முதல் முறையாகத் தெரிந்துகொள்வார்.

போன மாதம் என் மகனுக்கு அதே கோயிலில் மொட்டை போட்டோம். பூசாரி யார் பெயருக்கு என்று கேட்டதும் எனக்கு அந்தப் பெயர் ஞாபகம் வந்தது. முனிராஜ் யார் என்று அம்மாவைக் கேட்டேன். அம்மா இந்த முறை கோழியைத் துரத்தச் சொல்லவில்லை. எனக்கு இரண்டு வயதாக இருந்தபோது சித்திக்குப் பிறந்த பையனாம். பதினோராம் மாதம் மொட்டை என்று நாள் குறித்து, எல்லாருக்கும் சொல்லி, ஆனேக்கல்லிலிருந்து தாய்மாமனும் வந்து சேர்ந்துவிட்டாராம். அதற்கு முந்தின நாள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டு, ஒரே பகலில் முடிந்துபோய்விட்டதாம். அதற்குப் பிறகு அந்தப் பெயரை வீட்டில் யாரும் சொன்னதில்லை. சாமிக்குச் சேர வேண்டிய மொட்டை மட்டும் ஆறு வருஷமாக அப்படியே நின்றிருக்கிறது.

அன்று கோயிலிலிருந்து திரும்பி வந்த பஸ்ஸைத்தான் இப்போது அடிக்கடி நினைக்கிறேன். சித்தி ஜன்னலோரம், நான் பக்கத்தில். கோகோ மஞ்சள் சட்டையோடு சித்தியின் மடியில் தூங்கியது. சித்தியின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. மேனேஜருக்குப் பயந்துதான் அழுகிறாள் என்று நான் நினைத்தேன்.

"முடி திரும்ப மொளைக்குமா சித்தி?"

"மொளைக்கும் பாப்பா. நாலஞ்சு மாசத்துல வளந்துடும்."

"அப்புறம் எதுக்கு அழுவற?"

"வளந்துடும் இல்ல, அதுக்குத்தான்" என்றாள் சித்தி.

வளர்ந்துவிட்டால் மறுபடியும் இவ்வளவு தூரம் பஸ் ஏறி வர வேண்டுமே என்று கவலைப்படுகிறாள் போலிருக்கிறது என்று எனக்குப் பட்டது. "வளந்தா என்னா சித்தி, மறுபடியும் வந்து எடுத்துடலாம். நான் மடியில வெச்சுக்கறேன்" என்று தைரியம் சொன்னேன். சித்தி ஒரு கையால் கோகோவைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் என் தலையைத் தடவ ஆரம்பித்தாள். தளி வரும்வரை நிறுத்தவே இல்லை. காலையில்தான் எண்ணெய் வைத்துப் படியப் படியச் சீவியிருந்தேன். எல்லாம் கலைகிறதே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.